பாலாற்றங்கரைக்காரருக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா?

வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் கடற்கரை கிடையாது. ஆனாலும் லீவு கிடைத்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கிளம்பிவிடுகிற கூட்டம் இங்கே உண்டு. படகு பேசி ஆழக்கடலுக்குப் போய், மீனைவிட அதிகமாக வாந்தியோடு மல்லுக்கட்டித் திரும்பியவர்களின் கடிதங்களுக்கு இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கே: நண்பர்கள் ஆறு பேர் ஈ.சி.ஆர். பக்கம் படகு பேசிப் போனோம். படகு ஓடுகிறவரை பாட்டும் சிரிப்புமாக இருந்தது. களவா மீன் பிடிக்கும் இடம் வந்து இன்ஜினை நிறுத்திய கால் மணி நேரத்தில் நாலு பேர் சுருண்டுவிட்டோம். ஓடும்போது வராத குமட்டல் நின்றதும் ஏன் வருகிறது? (காட்பாடி வாசகர்)

ப: ஓடுகிற படகு அணியத்தால், அதாவது முன்முனையால், அலையை வெட்டிக்கொண்டு போகும். ஆட்டம் இருந்தாலும் முன்னும் பின்னுமாக, சட்சட்டென்று இருக்கும். முகத்தில் காற்றடிக்கும், கண்ணும் தூரத்தில் இருக்கும். இன்ஜின் நின்றதும் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து படகைத் திருப்பி அலைக்குப் பக்கவாட்டில் கிடத்திவிடும். அதன்பின் வருகிற ஒவ்வொரு அலையும் படகின் விலாவில் புகுந்து தூக்கி, மறுபக்கம் சாய்த்து இறக்கும். இந்த ஏற்றமும் இறக்கமும்தான் வயிற்றைக் கலக்குகிறது.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன. தலை திரும்புவதைக் குழல்கள் சொல்லும். மேலே போகிறோமா, கீழே இறங்குகிறோமா, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதைப் பைகள் சொல்லும். படகில் குனிந்து முள்ளுக்கு இரை கோக்கும்போது, முள், கை, படகின் பலகை எல்லாம் உங்களோடு சேர்ந்தே ஆடுவதால், கண்ணுக்கு ஆட்டமே தெரியாது. காது ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது. இந்தத் தகராறு தீராமல் நீடிக்கும்போதுதான் குமட்டல் கிளம்புகிறது. உள்காது இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களுக்குக் கடல் குமட்டல் வருவதில்லை. கோளாறு வயிற்றில் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆட்டத்தின் வேகமும் முக்கியம். ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்குகிற ஆட்டம்தான் மனிதனை மிக மோசமாகப் படுத்தும். காற்று கிளப்பும் சாதாரண அலை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வந்து விழுகிறது. அடுத்த முறை படகு நின்றதும் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு எண்ணிப் பாருங்கள். நாலு, ஐந்து, ஆறு என்று வந்தால் தூண்டிலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்று தொடுவானத்தைப் பாருங்கள்.

படகோட்டியிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. நிறுத்தி மிதக்கவிட்டுப் பிடிப்பதற்குப் பதிலாக, மெதுவாக ஓட்டிக்கொண்டே வஞ்சரம், சூரைக்குத் தூண்டில் இழுக்கச் சொல்லலாம். முதல் பயணம் போகிறவர்களுக்கு நாங்கள் அதைத்தான் சொல்வோம். அடிமீன்தான் வேண்டும் என்றால் அணியத்திலிருந்து நங்கூரம் போட்டாலே படகின் முகம் அலைப்பக்கம் திரும்பிக்கொள்ளும். நங்கூரம் எட்டாத ஆழத்தில், துணியைக் குடை மாதிரி தைத்த கடல் நங்கூரத்தை அணியத்திலிருந்து தண்ணீரில் விட்டால் அதே வேலையைச் செய்யும். பக்கவாட்டு உருட்டல் பாதிக்குப் பாதி அடங்கியது போல இருக்கும்.

உட்காரும் இடம் நடுப்படகு, அல்லது அதற்குச் சற்றுப் பின்னால். முப்பதடி ஃபைபர் படகில் அணியம் ஓராள் உயரத்துக்குத் தூக்கிப்போடும் அலையில் நடுப்பகுதி அதில் பாதிகூட ஏறாது. கடைசிவரை பின்னால் போனால் டீசல் புகை சிக்கல். காற்று பின்னாலிருந்து அடித்தால் புகை உங்களோடேயே வரும். அப்போது படகைக் கொஞ்சம் திருப்பச் சொன்னால் போதும்.

இன்னொன்று, குனிகிற வேலையைக் கரையிலேயே முடித்துவிடுவது. பின்னிய பிரெய்ட் நூலையும் முள் பக்கம் வரும் லீடர் நூலையும் சேர்க்கிற எஃப்.ஜி. முடிச்சுக்கு, கை பழகியவருக்கே ஐந்து நிமிடம் ஆகும். ஆடுகிற படகில் அந்த ஐந்து நிமிடம் கண்ணெடுக்காமல் நூலையே பார்த்தால் வாந்தி உறுதி. முள், சுழலி, ஈயம் எல்லாம் கட்டிய எட்டு பத்து செட்டை முந்தின நாளே வீட்டில் கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் சுருட்டி வையுங்கள். மத்தியையும் கணவாயையும் வெட்டி டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். கடலில் நூல் சிக்கிக்கொண்டால் பிரிக்க உட்காராதீர்கள். வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த செட்டை மாட்டுங்கள். நூறு ரூபாய் நூலுக்கு ஆசைப்பட்டு ஒரு நாளையே இழக்கிறவர்கள்தான் அதிகம்.

கே: குமட்டல் ஆரம்பித்ததும் வாந்திக்கு மெடிக்கலில் கொடுத்த மாத்திரையைப் போட்டேன். அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. எந்த மாத்திரை கேட்கும்? எப்போது போட வேண்டும்? (ஆம்பூர் வாசகர்)

ப: உங்கள் விஷயத்தில் மாத்திரையும் தப்பு, நேரமும் தப்பு.

முதலில் நேரம். குமட்டல் தொடங்கியதும் இரைப்பை தன் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். உள்ளே போன மாத்திரை கரைந்து குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும். அடுத்த வாந்தியில் அதுவும் போகும். அதனால்தான் படகில் ஏறுவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னால் என்று சொல்கிறோம். காலை ஐந்தரைக்குப் படகு என்றால் நாலு மணிக்கு மாத்திரை.

அடுத்து மாத்திரை. நம் ஊரில் வாந்தி என்றதும் கைக்கு வருவது ஒன்டான்செட்ரான் அல்லது டோம்பெரிடோன். வயிற்றுப்போக்கோடு வருகிற வாந்திக்கும், புற்றுநோய் சிகிச்சையில் வருகிற வாந்திக்கும் ஒன்டான்செட்ரான் அருமையான மருந்து. ஆட்டத்தால் வருகிற குமட்டலைத் தடுக்க அது உதவுவதில்லை. டோம்பெரிடோன் மூளைக்குள் சரியாக நுழைவதே இல்லை. இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. வெளிநாட்டில் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஹயோசின் பட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டு, இங்கே வயிற்று வலிக்கு விற்கிற ஹயோசின் பியூட்டைல்புரோமைடு மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். பெயரில் பாதி ஒன்றுதான், ஆனால் இது மூளைக்குப் போகாத வகை. கடலுக்கு உதவாது.

கேட்கிற மருந்துகள் பழைய ஒவ்வாமை மருந்து வகையைச் சேர்ந்தவை. ப்ரோமெதசின் தியோக்ளேட், அதாவது அவோமின் என்று எல்லோரும் கேட்டு வாங்குகிற 25 மி.கி. மாத்திரை, பெரியவர்களுக்கு முந்தின இரவு படுக்கும்போது ஒன்று, அல்லது கிளம்ப ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் ஒன்று. மெக்லிசின் 25 முதல் 50 மி.கி. ஒரு மணி நேரம் முன்னால், அன்றைக்கு அதோடு சரி. சின்னாரிசின் மற்றதைவிடக் கொஞ்சம் மெதுவானது, இரண்டு மணி நேரம் முன்னால் வேண்டும். சின்னாரிசினில் 25 மி.கி., 75 மி.கி. இரண்டும் கடையில் இருக்கும், அட்டையைப் படித்து 25 வாங்குங்கள். நடுக்குவாதம் உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது.

மூன்றுமே தூக்கம் வரவழைக்கும், அவோமின் மிக அதிகமாக. வாய் உலரும். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் போகச் சிரமப்படுகிறவர்கள், கண்ணழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தினமும் வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மதுவோடு சேர்த்தால் இந்த மாத்திரைகள் ஆளைச் சாய்த்துவிடும். ஆடுகிற படகின் விளிம்பில் அது உயிருக்கே ஆபத்து.

எந்த மாத்திரையானாலும் முதல் முறை கடலில் வைத்துப் பார்க்காதீர்கள். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே ஒன்று போட்டு, எத்தனை மணிக்குக் கண் சொருகுகிறது, எத்தனை மணிக்குத் தெளிகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து, பதினோரு மணிக்குக் காரில் கிளம்பி விடியற்காலை சென்னை போய், அப்படியே படகு ஏறி, மாலையே திரும்பிவிடலாம் என்று திட்டம். ஓட்டப்போவது நான்தான். மாத்திரை போடலாமா? (வாலாஜா வாசகர்)

ப: கூடாது. இந்தத் திட்டத்தையே மாற்றுங்கள்.

நம் பக்கத்து ஆட்கள் கடலில் அதிகம் படுவதற்குக் கடலைவிட இந்த இரவுப் பயணமே பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு. தூக்கம் கெட்ட உடம்புக்குக் குமட்டல் சீக்கிரம் வரும். ராத்திரி முழுக்க விழித்து, வழியில் மூன்று டீ, இரண்டு சிகரெட், கூடவே பார்சல் பிரியாணி என்று போய்ச் சேர்ந்தவர் படகில் கால் வைக்கும்போதே பாதி நோயாளி. பின்சீட்டில் செல்போன் பார்த்துக்கொண்டு வந்தவருக்குக் குமட்டல் காரிலேயே தொடங்கியிருக்கும், அவருக்குத்தான் அது தெரியாது.

சனிக்கிழமை மாலையே கிளம்புங்கள். வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். எட்டு மணிக்குள் போய், லேசாகச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்தால் நாலு மணிவரை ஆறு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் கிடைக்கும். தங்குகிற செலவை ஆறு பேர் பங்கிட்டால், படகு வாடகையில் ஆளுக்கு விழுகிற பங்கைவிடக் குறைவாகத்தான் வரும். ஷிப்ட் இருக்கிற வாரம் போகவே வேண்டாம்.

காலை நாலு மணிக்கு அவோமின் போட்டவருக்கு மாலை நாலு மணிக்கும் மந்தம் மிச்சம் இருக்கலாம். வெயிலில் வாடி, தண்ணீர் வற்றி, மருந்தும் உள்ளே இருக்கும் உடம்போடு ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நாலுவழிச் சாலையில் காரைப் பிடிப்பது கடலைவிட ஆபத்து. கடலுக்கு வராத ஒருவர் ஓட்ட வேண்டும், அல்லது ரயிலில் போக வேண்டும். காட்பாடி வழியாகச் சென்னைக்கு வண்டிகளுக்குக் குறைவில்லை.

கே: கடலுக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போனால்தான் வாந்தி வராது, எல்லாம் பித்தம்தான் என்கிறார் எங்கள் பெரியப்பா. உண்மையா? (குடியாத்தம் வாசகர்)

ப: பெரியப்பா சொன்ன பித்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தால் மஞ்சளாகக் கசப்பாகப் பித்தநீர்தான் வரும். அதைப் பார்த்துவிட்டுப் பித்தம் ஏறியதால் வாந்தி என்று சொல்லத் தோன்றும். உண்மையில் வெளியே வர வேறு எதுவும் இல்லாததால் பித்தநீர் வருகிறது. வெறும் வயிறு குமட்டலைத் தடுக்காது. காய்ந்த வயிற்றிலிருந்து ஓங்கரிப்பதுதான் இருப்பதிலேயே வேதனை.

முந்தின இரவு எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி, கறி வேண்டாம். கொழுப்பு இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். கிளம்ப இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி, சட்னி பெயருக்கு. அந்த நேரத்தில் இட்லிக்கு வழி இல்லை என்றால் ஒரு வாழைப்பழமும் நாலு ரஸ்க்கும் போதும். பால் நிறைய விட்ட காபி வேண்டாம். படகில் ஏறிய பிறகு மணிக்கு ஒரு முறை இரண்டு உப்பு பிஸ்கட் அல்லது ஒரு கைப்பிடிப் பொரி, இரண்டு மடக்குத் தண்ணீர். வயிறு நிறையவும் கூடாது, காலியாகவும் கூடாது.

இஞ்சி சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. சுக்குப்பொடி ஒரு கிராம், அதாவது சின்ன ஸ்பூனில் பாதி, ஒரு மணி நேரம் முன்னால் வெந்நீரில் கலந்து குடிக்கலாம். இஞ்சி மொரப்பா வாயில் போட்டுச் சப்பலாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும். காய்ந்த நார்த்தங்காய்த் துண்டு வாய்க்கு இதமாக இருக்கும். மாத்திரைக்கு அது மாற்றாகாது.

கே: ஏலகிரி மலையில் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. காவேரிப்பாக்கம் ஏரியில் பரிசலில் நாள் முழுக்க இருந்திருக்கிறேன். கடலும் ஒத்துக்கொள்ளும்தானே? (ஆற்காடு வாசகர்)

ப: நல்ல அறிகுறிதான், ஆனால் உத்தரவாதம் இல்லை. மலைப்பாதையில் உடம்பு இடமும் வலமுமாகத் தள்ளப்படுகிறது, வளைவு வரப்போவது கண்ணுக்கு முன்கூட்டியே தெரிகிறது. பஸ்ஸில் எல்லோரும் வாந்தி எடுத்தாலும் டிரைவர் எடுக்காததற்குக் காரணம் இந்த முன்கூட்டித் தெரிதல்தான். ஏரியில் அலை கைப்பிடி உயரம், படபடவென்று விநாடிக்கு ஒன்றிரண்டு அடிக்கும். அந்த வேகம் குமட்டலைக் கிளப்பாது. கடலின் மெதுவான ஏற்ற இறக்கம் இந்த இரண்டிலும் இல்லாத வேறொரு ஆட்டம். முதல் முறை நாள் முழுக்கப் படகு பேசாமல் மூன்று மணி நேரத்துக்குப் பேசுங்கள்.

ஏலகிரியில் முதல் மூன்று வளைவிலேயே ஜன்னலைத் தேடுகிறவர்கள் கடலுக்கு மாத்திரை இல்லாமல் போகக்கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

கே: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. இன்சுலின் இல்லை, மாத்திரைதான். கடல் மீன்பிடிப்புக்கு வர மிகவும் ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா? (திருப்பத்தூர் வாசகி)

ப: அழைத்துப் போங்கள். ஆனால் முந்தின வாரமே அவருடைய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டுபோய், வாந்தி வந்து சாப்பிட முடியாமல் போனால் எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று மாத்திரை வாரியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை, சாப்பாடு உள்ளே தங்காவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சிறுநீர் வழியாகத் தண்ணீரை வெளியேற்றும். வாந்தி, வெயில், இந்த மாத்திரை மூன்றும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வற்றும், வேறு சிக்கல்களும் வரும்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. கடல் குமட்டலின் முதல் அடையாளம் முகம் வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வேர்வை அரும்பி, ஆள் பேச்சை நிறுத்திவிடுவது. சர்க்கரை இறங்கினாலும் அச்சு அசல் அதேதான். பக்கத்தில் இருப்பவர்கள் ‘கடல் ஒத்துக்கலை, கொஞ்ச நேரம் படுக்கட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். அப்பா அமைதியாகிவிட்டால் முதல் வேலை சர்க்கரை பார்ப்பது. குளுக்கோமீட்டரும் பட்டையும் தண்ணீர் புகாத டப்பாவில் இருக்கட்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று சின்ன ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவும் உள்ளே தங்கவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ யாரையும் கேட்காமல் படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லுங்கள். கரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகாத பயணமாகப் பேசிக்கொள்வது நல்லது.

கே: என் ஒன்பது வயது மகனையும் கூட்டிப் போகலாமா? பெரியவர்களுக்கான மாத்திரையில் பாதி கொடுத்தால் சரியா? (ராணிப்பேட்டை வாசகர்)

ப: பாதி மாத்திரைக் கணக்கு வேண்டாம். குழந்தை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டிய அளவு அது. ப்ரோமெதசினை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, அதற்கு மேலேயும் தானாகக் கொடுக்கும் மருந்தில்லை. மூன்றிலிருந்து பன்னிரண்டு வயதுவரைதான் ஆட்டக் குமட்டல் உச்சத்தில் இருக்கும் வயது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வருடம் கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கே: படகில் ஒருவர் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? (சத்துவாச்சாரி வாசகர்)

ப: முதலில் அவர் கடலில் விழாமல் பார்க்க வேண்டும். ஃபைபர் படகின் விளிம்பு முழங்காலைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கும். நின்றுகொண்டு குனிகிறவரின் எடை முழுக்க வெளியே போய்விடும், அந்த நேரம் ஓர் அலை சாய்த்தால் போதும். அவரை மண்டியிட வையுங்கள். ஒருவர் லைஃப் ஜாக்கெட்டின் பின்பட்டையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். லைஃப் ஜாக்கெட் கழற்றியிருந்தால் மாட்டிவிட்ட பிறகுதான் விளிம்பு. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் திரும்பி எல்லோர் மேலேயும் தெறிக்கும். தடுமாறுகிற ஆளை விளிம்புக்கே கொண்டுபோகாமல், ஓட்டையில்லாத கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக் கையில் கொடுப்பது இன்னும் பத்திரம்.

எடுத்து முடித்ததும் வாய் கொப்பளிக்க மட்டும் தண்ணீர் கொடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாவம் என்று ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடிக்க வைப்பார்கள். விரிந்த இரைப்பை அடுத்த நிமிடமே திருப்பி அனுப்பும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு, உப்பு சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு நிமிடமும் ஒரு சின்ன ஸ்பூன், பிறகு பாட்டில் மூடியளவு இரண்டு மூன்று என்று ஏற்றிக்கொண்டு போகலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறி இன்னும் குமட்டும். பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.

படுக்க வைப்பதானால் நடுப்படகில், மல்லாக்க, கண்ணை மூடி, நிழலில். கேபினுக்குள் அனுப்ப வேண்டாம். டீசல் வாடையும் மூடிய சுவர்களும் நிலைமையைக் கெடுக்கும். உட்கார முடிகிறவர் என்றால் முகத்தைப் படகு போகும் திசைக்குத் திருப்பித் தொடுவானத்தையோ கரையில் தெரியும் கட்டடத்தையோ பார்க்கட்டும். மீன் வெட்டுவது, சிகரெட் பற்ற வைப்பது இரண்டையும் அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒருவர் வாந்தி எடுத்தால் அடுத்தவருக்கும் வரும்.

ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, எழுந்து உட்கார முடியவில்லை, பேச்சில் குழப்பம், வாந்தியில் இரத்தம். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே கரை திரும்ப வேண்டும். மற்றவர்களின் பணத்தையும் ஆசையையும் அந்த நேரத்தில் கணக்கில் எடுக்கக்கூடாது.

கே: கடல் அமைதியாக இருக்கும் நாளை இங்கிருந்தபடியே எப்படித் தெரிந்துகொள்வது? (வேலூர் வாசகர்)

ப: பொங்கல் கழிந்து கொஞ்ச நாளிலிருந்து ஏப்ரல் முதல் பாதிவரை சென்னை, புதுச்சேரிக் கடல் புதியவர்களுக்கு ஏற்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதன்பின் செப்டம்பர்வரை காலையில் போய் மதியத்துக்குள் திரும்புகிற மாதிரி பேசலாம், மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும், மாலையில் இடி மழையும் வரும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வாடைக்காற்றும் புயலும் இருக்கும் காலம், முதல் பயணத்துக்கு வேண்டவே வேண்டாம்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அலை உயரம், அலை இடைவெளி, காற்று மூன்றையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. பலர் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஒரு மீட்டர் அலை பன்னிரண்டு விநாடி இடைவெளியில் வந்தால் சாய்வு தெரியாமல் தூக்கி இறக்கும். அதே ஒரு மீட்டர் ஐந்து விநாடியில் வந்தால் செங்குத்தாக நிற்கும், படகு உருளும். இன்னொரு விஷயம், அறிவிப்பில் வரும் உயரம், எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இடையிடையே அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலை ஒன்று வரத்தான் செய்யும். முதல் தடவை போகிறவர்களுக்கு நாங்கள் வைக்கும் கோடு: அலை ஒரு மீட்டருக்குக் கீழே, காற்று மணிக்கு 18 கிலோமீட்டருக்குக் கீழே. வானிலைத் துறை மீனவர்களுக்கு எச்சரிக்கை விட்டிருந்தால் முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று வீட்டில் இருங்கள்.

கே: மீனவர்களுக்கு மட்டும் ஏன் வருவதில்லை? (வாணியம்பாடி வாசகர்)

ப: வரும், பழகிப்போகும். தொடர்ந்து கடலில் இருந்தால் இரண்டு மூன்று நாளில் மூளை இந்த ஆட்டத்தையே வழக்கமாக எடுத்துக்கொள்ளும். நீண்ட நாள் கரையில் இருந்தால் அந்தப் பழக்கம் தேய்ந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிறு போகிற நமக்கு ஒவ்வொரு முறையும் முதல் முறைதான். இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சன் வாழ்நாளெல்லாம் கப்பலில் இருந்தவர். காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் தனக்கு உடம்பு முடியாமல் போகிறது என்று 1804-ல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். வாந்தி எடுத்ததற்காக யாரும் கூசிப்போக வேண்டியதில்லை.

கே: மணிக்கட்டில் மாட்டும் பட்டை, வயிற்றில் நியூஸ் பேப்பர் கட்டிக்கொள்வது, இதெல்லாம் பயன் தருமா? (பேரணாம்பட்டு வாசகர்)

ப: பேப்பரால் பயன் இல்லை. பட்டை, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்பு மாதிரி புடைத்துத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே அழுத்த வேண்டும். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கெடுதல் இல்லை என்பதால் மாத்திரையோடு சேர்த்து மாட்டிக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

கே: கடலிலிருந்து வந்து இரண்டு நாளாகியும் குளிக்கும்போது பாத்ரூம் ஆடுவது போல இருக்கிறது. பயமாக உள்ளது. (ஆரணி வாசகி)

ப: கடல் ஆட்டத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்ட மூளை தரைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் அது. கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணின் துணை இல்லாததால் அதிகமாகத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியுங்கள், வண்டி ஓட்ட வேண்டாம், வீட்டுக்குள் முடங்காமல் தினம் அரை மணி நேரம் நடந்து வாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் அடங்கும். வாரக்கணக்கில் நீடித்தாலோ, காதில் இரைச்சலோ கேட்பதில் குறைவோ சேர்ந்துகொண்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றினால் அது வேறு கோளாறு. தலையை வரிசையாகச் சில திசைகளில் திருப்பி வைக்கும் பயிற்சியாலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். அதற்கு மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்கத் தேவையில்லை.